ஹட்டன்–நுவரெலியா ரோட்டில் சைக்கிள்: ஓரத்தில் ஒட்டிப் போவதா, உள்ளே வந்து போவதா?

லிந்துலை_ரைடர்

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானிலிருந்து கொண்டுவந்து விற்கிற பழைய ரோட் பைக் ஒன்று வாங்கியிருக்கிறேன். அலுமினியம், ரிம்மைப் பிடிக்கிற பிரேக், டயர் 23 (மில்லிமீட்டர் அகலம்). ஓடுவதற்கு அருமையாக இருக்கிறது. பிரச்சினை சைக்கிளில் இல்லை, ரோட்டில்தான்.

தலவாக்கலையிலிருந்து நானுஓயா பக்கம் ஏ7 ரோட்டில் ஏறினால் வேனும் பஸ்ஸும் முழங்கையை உரசிக்கொண்டு போகின்றன. நான் வெள்ளைக் கோட்டுக்கும் வெளியே, கானை (ரோட்டோர வடிகாலை) ஒட்டித்தான் போகிறேன். அப்படியும் இடம் போதவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் கியூவில் கிடந்த மாதங்களில் இதே ரோட்டில் சின்னப் பிள்ளைகள்கூட சைக்கிள் ஓட்டினார்கள். 2025இல் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், இப்போது புது வாகனங்களுக்கும் குறைச்சல் இல்லை.

ஹெல்மட் இருக்கிறது, லைட் இருக்கிறது. என்ன வாங்கலாம் என்று கேட்கவில்லை. எந்த நேரம் போவது, எந்த ரோட்டில் போவது, ரோட்டில் எந்த இடத்தில் போவது? இவைதான் கேள்வி.

ஊவாக்காத்து

தம்பி, முதல் வேலையாகக் கானை விட்டு வெளியே வாங்க.

கணக்கைப் பாருங்கள். நம்முடைய மலை ரோட்டில் ஒரு பக்கத்து லேன் பல இடங்களில் 3 மீட்டர் சொச்சம்தான். பஸ்ஸின் அகலம் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். மிச்சம் அரை மீட்டர், அதில்தான் நீங்களும் உங்கள் ஹேண்டிலும். அதாவது எதிர்ப்பக்கத்துக்குப் போகாமல் ஒரு பஸ் உங்களைப் பாதுகாப்பாக முந்துவதற்கு வழியே இல்லை. நீங்கள் கானுக்குள் இறங்கிப் போனாலும் வழியில்லை. ஆனால் நீங்கள் ஓரத்தில் ஒட்டியிருந்தால் டிரைவருக்கு ஒரு ஆசை வரும்: "நடுக்கோட்டைத் தாண்டாமலே நுழைஞ்சு போயிடலாம்." அந்த ஆசைதான் உங்கள் முழங்கையை உரசுகிறது.

விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்து ஓடுங்கள். அப்போது எதிரே வாகனம் இல்லாத நேரம் பார்த்து முழுசாக வலப்பக்கம் எடுத்துத்தான் முந்த முடியும். இரண்டாவது விஷயம், யாராவது மிக நெருங்கி வந்தால் நீங்கள் ஒதுங்குவதற்கு இடது பக்கம் ஒரு மீட்டர் கையில் இருக்கிறது. கானை ஒட்டிப் போகிறவர் எங்கே ஒதுங்குவார்? நம்ம கான் மூடியில்லாத கொங்கிரீட் கான், முழங்கால் ஆழம். தார் விளிம்பு உடைந்து நாலு விரல் இறக்கம் இருக்கிற இடங்களும் உண்டு. முன் சக்கரம் அதில் இறங்கினால் திரும்ப மேலே ஏற்றப் பார்க்கும்போதுதான் விழுவீர்கள், அதுவும் ரோட்டுப் பக்கமாக.

எந்நேரமும் உள்ளே நிற்க வேண்டியதில்லை. நேர் ரோடு, பின்னால் இரண்டு மூன்று வாகனம் சேர்ந்துவிட்டது என்றால் அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள். பஸ் ஹோல்ட், தேத்தண்ணிக் கடை முன்வாசல், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடம், இப்படி ஒதுங்க எத்தனையோ இடம் இருக்கிறது.

கண்டிக்காரன்

இதெல்லாம் வாசிக்க நன்றாக இருக்கிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு மீட்டர் உள்ளே வந்து ஓடிப் பாருங்கள், பின்னால் வருகிறவன் ஹோனில் காது போய்விடும். லோங் வீக்கெண்டில் கொழும்பிலிருந்து வருகிற வேன் டிரைவருக்கு மலை ரோடும் தெரியாது, சைக்கிளும் தெரியாது. முடக்கில் (வளைவில்) 60இல் வருகிறான், திரும்பினதும் லேன் நடுவில் ஒரு சைக்கிள். பிரேக் அடிப்பானா, அடித்துவிட்டுப் போவானா? உயிர் நம்முடையது. நான் ஓரத்தில்தான் போவேன்.

ஊவாக்காத்து

கண்டிக்காரன் அண்ணே, நீங்கள் சொல்கிற அதே முடக்கை எடுத்துக்கொள்வோம். இடது பக்கம் திரும்புகிற முடக்கு, உள்பக்கம் மண் சுவர், மேலே தேயிலை. ஓரத்தில் ஒட்டிப் போகிற ஆளை அந்தச் சுவர் மறைத்துவிடும். பின்னால் வருகிறவன் கிட்டத்தில் வந்த பிறகுதான் பார்ப்பான். சுவரை விட்டு ஒரு மீட்டர் தள்ளி லேனுக்குள் வந்தால் அதே ஆள் இன்னும் முன்னாலேயே கண்ணில் படுவார். இடது முடக்கில் உள்ளே வருவது அடம்பிடிக்க இல்லை, தெரிவதற்குத்தான்.

வலது பக்கம் திரும்புகிற முடக்கில் கதை வேறு. அங்கே இடது ஓரம்தான் முடக்கின் வெளிப்பக்கம். ஓரத்தில் இருந்தாலே பின்னால் வருகிறவனுக்கும் தெரியும், எதிரே வருவதும் உங்களுக்குத் தெரியும். அங்கே கொஞ்சம் இடப்பக்கம் போகலாம். பள்ளத்துப் பக்கம் என்றால் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில்_மலையகத்தான்

கொட்டகலையில் பிறந்து இப்போது லண்டனில் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். இங்கே ரோட்டில் போகிற எல்லோருக்குமான நெடுஞ்சாலைக் கோவையை 2022 ஜனவரியில் திருத்தினார்கள். ஊவாக்காத்து சொல்வதுதான் அதில் எழுத்திலேயே இருக்கிறது: அமைதியான வீதி, மெதுவாகப் போகிற போக்குவரத்து, சந்தி, ரோடு ஒடுங்குகிற இடம் என்றால் சைக்கிள்காரர் லேன் நடுவில் போகலாம். மற்ற இடங்களில் விளிம்பிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி. முந்துகிற வாகனம் மணிக்கு 30 மைல் வரை வேகத்தில் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், வேகம் கூடினால் இன்னும் கூட. நிறுத்தியிருக்கிற கார்களைக் கடக்கும்போது ஒரு கதவு அகலம், அதாவது ஒரு மீட்டர், தள்ளிப் போகச் சொல்கிறது. கார்க்காரருக்கும் ஒரு பாடம் உண்டு: கதவுக்குத் தூரமாக இருக்கிற கையால் கதவைத் திறக்க வேண்டும். அப்படித் திறக்கும்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும்.

கண்டிக்காரன்

லண்டனில் கான் மூடியிருக்கும் அண்ணே.

லண்டனில்_மலையகத்தான்

மூடியிருக்கிறது. இங்கேயும் ஒன்றரை மீட்டர் விடாமல் போகிறவன் தினமும் போகிறான், கோவை எழுதி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எங்கே நிற்பது என்று அனுபவப்பட்டவர்கள் யோசித்து எழுதியது, அதனால் சொன்னேன்.

பழைய_கியர்பொக்ஸ்

சைக்கிள்காரர் மட்டும் பேசுகிற இடத்தில் நான் நுழையலாமா தெரியாது. ஹட்டன் லைனில் பஸ் ஓட்டுகிறவன். மகன் இந்த இழையைக் காட்டினான். ஸ்டியரிங் பக்கமிருந்து சில விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, முடக்கு. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் முன்பக்கம் அகலமாக வெளியே போகும், பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும். முன்பக்கம் வலது பக்கம் விலகுவதைப் பார்த்துவிட்டு, "இடம் கிடைச்சிருச்சு" என்று இடப்பக்கம் சைக்கிளை விடுகிற பையன்கள் இருக்கிறார்கள். பின் சக்கரம் அந்த இடத்துக்குத்தான் வரப்போகிறது. எனக்கு இடது கண்ணாடியில் அந்த நேரம் மண் சுவர்தான் தெரியும், ஆளைத் தெரியாது. முடக்கில் பஸ்ஸோ லொறியோ முன்னால் போனால் பின்னாலேயே நில்லுங்கள்.

இரண்டு, நிறுத்துவது. எங்களுக்கு ஹோல்ட்டும் உண்டு, ஹோல்ட் இல்லாத இடமும் உண்டு. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) இறங்குகிற படிக்கட்டு வாசலில் ஒரு அம்மா கையைக் காட்டினால் நிறுத்துவோம், அதுதான் எங்கள் வருமானம். அதனால் நீங்கள் பஸ்ஸை மட்டும் பார்க்க வேண்டாம், ரோட்டோரத்தில் நிற்கிற ஆட்களைப் பாருங்கள். முன்னால் யாராவது கையை உயர்த்துகிறார், பின்னால் பஸ் சத்தம் கேட்கிறது என்றால் அந்த பஸ் உங்களை முந்தி, உங்கள் முன்னாலேயே இடப்பக்கம் வெட்டி நிற்கப் போகிறது. அப்போதே பெடலை விட்டுவிடுங்கள். இடப்பக்கம் போக வேண்டாம், ஆள் இறங்குவது அந்தப் பக்கம்.

மூன்று, மிதிபலகை. காலையிலும் சாயந்திரமும் ஆட்கள் வாசலில் தொங்கிக்கொண்டு வருவார்கள். கண்டக்டரின் கையும் ஒருத்தரின் பையும் பஸ்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் பஸ்ஸின் அகலத்தைக் கணக்குப் போட்டீர்கள், அந்தப் பையைக் கணக்கில் சேர்க்கவில்லை. (வெற்றிலை துப்புகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.)

நான்கு, ஹோன். முடக்குக்கு முன்னால் சின்னதாக இரண்டு தடவை அடிப்பது எதிரே வருகிறவனுக்கு. உங்களைத் திட்டவில்லை. அதைக் கேட்டுப் பதறி ஓரத்துக்கு ஓடாதீர்கள். உங்களுக்கு முன்னால் போகிற லொறி இடது சிக்னல் போட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு சைட் கொடுக்கிறது என்று அர்த்தம், வலது போட்டால் வராதே என்று. ஆனால் அதை நம்பி முந்த வேண்டாம், சில நேரம் அவன் நிஜமாகவே திரும்பப் போகிறான். எதிரே வருகிறவன் ஹெட்லைட் அடித்தால் "நீ வா" என்று எடுக்காதீர்கள். "நான் வாறேன், நீ நில்லு" என்றுதான் அதற்கு அர்த்தம்.

கடைசியாக ஒன்று. ஏற்றத்தில் உங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எனக்கு எரிச்சல் வரும், பொய் சொல்ல மாட்டேன். ஆள் நிறைந்த பஸ்ஸை முடக்கில் முதலாம் கியருக்கு இறக்கித் திரும்ப எடுப்பது லேசு இல்லை, ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேறு காத்திருப்பார். ஆனால் சைக்கிள்காரர் ஒரு தடவை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தால் அந்த எரிச்சல் பாதி போய்விடும். இவருக்கு நான் இருப்பது தெரியும், இடம் வந்ததும் விடுவார் என்று புரிந்துவிடும். திரும்பியே பார்க்காமல் ஆடி ஆடிப் போகிறவரைத்தான் எப்படியாவது கடந்துவிடப் பார்ப்போம்.

2025 மே மாதம் றம்பொடை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். அதே வருஷம் செப்டம்பரில் எல்ல–வெல்லவாய ரோட்டில் இன்னொன்று. அதற்குப் பிறகு அந்த இடங்களைக் கடக்கிற எந்த டிரைவரும் ரேடியோ சத்தத்தைக் குறைக்காமல் போவதில்லை. நாங்களும் பயந்துதான் ஓட்டுகிறோம்.

ஊவாக்காத்து

அண்ணே, இது தங்கமான பதிவு. தலையைத் திருப்பிப் பார்ப்பது எவ்வளவு வேலை செய்யும் என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹேண்டில் வலது முனையில் சின்னக் கண்ணாடி பூட்டினவர்களும் தலையைத் திருப்ப வேண்டும். கண்ணாடி நமக்குக் காட்டும், டிரைவருக்கு ஒன்றையும் சொல்லாது.

கண்டிக்காரன்

பஸ் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். அவருக்கு மலை ரோடு தெரியும். என் பயம் கொழும்பு வேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பனிக்காலை

அதற்கு பதில் நேரம்தான். அந்த வேன் இருக்கிற நேரத்தில் நாம் அந்த ரோட்டில் இருக்கக் கூடாது.

நான் ஹப்புத்தளைப் பக்கம். வெள்ளி இரவும் சனி காலையும் ஏறுகிற கூட்டம், ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு இறங்குகிற கூட்டம். பொயா (பௌர்ணமி விடுமுறை) திங்களிலோ வெள்ளியிலோ விழுந்தால் மூன்று நாளும் போச்சு. ஏப்ரல் முழுக்க நுவரெலியா சீசன், அந்த மாதம் நானுஓயாவுக்கு மேலே நான் சைக்கிளைக் கொண்டுபோவதே இல்லை. டிசம்பர் பொயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை சீசன். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா ரோட்டில் விடிய விடிய வாகனம், தூக்கம் கலையாத டிரைவர்கள். அந்தப் பக்கம் விடியற்காலை ரைட் நல்லது என்று நினைக்கிறவர்கள் அந்த மாதங்களில் மட்டும் நினைப்பை மாற்ற வேண்டும்.

மற்றபடி எனக்குப் பிடித்தது ஞாயிறு காலை, வெளிச்சம் வந்த பிறகு. கிழமை நாளில் ஆறரைக்குப் பிறகு ஸ்கூல் வேன்கள் தொடங்கிவிடும், அவற்றை விட அவசரமான வாகனம் மலையில் இல்லை. தோட்டத்தில் சம்பளம் போடுகிற 10ஆம் திகதியை ஒட்டி டவுனுக்குள் ஆட்டோ நெரிசல், சாயந்திரம் போக வேண்டாம்.

இன்னொன்று, இதுவரை யாரும் பேசாதது. பெண் பிள்ளை சைக்கிளில் போனால் வாகனம் முந்திப் போகாது, கூடவே வரும். ஆட்டோவில் நாலு பையன்கள், என் வேகத்துக்கே ஓட்டிக்கொண்டு பேச்சுக் கொடுப்பார்கள். அவன் வலது பக்கம், கான் இடது பக்கம், நடுவில் நான். அந்த நேரம் வேகத்தைக் கூட்டக் கூடாது. அவர்களுக்கு அது விளையாட்டாகிவிடும். பிரேக்கைப் பிடித்து அப்படியே நின்றுவிடுவேன். ஆட்டோவுக்குப் பின்னால் வாகனம் வரும், ஹோன் அடிக்கும், போய்த்தான் ஆக வேண்டும். பிறகு பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஆளில்லாத குறுக்கு ரோடு அழகாக இருக்கும், தனியாக என்றால் நான் கடை, ஃபெக்டரி, லயம் உள்ள ரோட்டைத்தான் எடுப்பேன். வாகனம் கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சைக்கிள்" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

லிந்துலை_ரைடர்

நன்றி அக்கா. என் தங்கச்சியும் ஓட்டக் கேட்கிறாள், உங்கள் பதிவை அவளுக்கு அனுப்பிவிட்டேன். ரதல்ல குறுக்கு ரோட்டால் இறங்கலாமா? வாகனம் குறைவு மாதிரித் தெரிகிறது.

பழைய_கியர்பொக்ஸ்

வேண்டாம் தம்பி. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் செத்த ரோடு அது. சரிவு கடுமை. பிரேக் போன வண்டி பின்னால் வந்தால் உங்களுக்கு ஒதுங்க இடமே இல்லை.

கம்பி_நிமிர்த்துபவன்

சைக்கிள் திருத்துகிறவன் நான். எல்லோரும் பின்னால் வருகிற வாகனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வருகிற சைக்கிள்களைப் பார்த்துச் சொல்கிறேன், ஏற்றத்தில் அடிபட்டவை குறைவு. இறக்கம்தான்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கண்டி கிட்டத்தட்ட 500. றம்பொடை, புசல்லாவை வழியாக இறங்கினால் இந்த வித்தியாசம் முழுவதையும் இரண்டு பிரேக் கட்டைதான் தாங்க வேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். 1,000 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தியை அப்படியே சூடாக எடுத்தால் இரண்டரை லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பங்கு காற்றில் போய்விடும், மிச்சம் ரிம்மில். பிரேக்கை விடாமல் தடவிக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி உள்ளே டியூப் வெடிக்கும். முன் டயர் முடக்கில் வெடித்தால் என்ன ஆகும் என்று எழுத விரும்பவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். முடக்குக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள், வேகம் குறைந்ததும் முழுசாக விடுங்கள். விடுகிற அந்த நேரம்தான் ரிம் ஆறும். நேர் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சில் படுகிற காற்றே பாதி பிரேக். சரிந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்க வேண்டாம்.

நடுவில் ஒரு இடத்தில் நின்று பாருங்கள். ரிம்மில் விரலை வைக்காதீர்கள், போத்தலில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு வழிந்து இறங்கினால் போகலாம். "சுர்" என்று ஆவியானால் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பிரேக் கட்டையை வெளியே எடுத்தால் முகம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா என்றும் பாருங்கள். மினுங்கினால் அது பிடிக்காது, மண்தாளால் உரசி எடுக்க வேண்டும். கட்டைக்குள் அலுமினியத் துணுக்கு குத்தியிருந்தால் ஊசியால் தோண்டி எடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மை அரைத்துவிடும்.

மழையில் ரிம் பிரேக்கின் முதல் சுற்று தண்ணீரைத் துடைப்பதற்கே போய்விடும். 40இல் வந்தால் ஒரு செக்கனுக்கு 11 மீட்டர் ஓடுகிறீர்கள். கையைப் பிடிக்க ஒரு செக்கன், ரிம் காய இன்னொரு செக்கன், அதுவே 22 மீட்டர். பனிமூட்டத்தில் உங்களுக்குத் தெரிகிற தூரமே அவ்வளவுதான்.

ஊவாக்காத்து

ரோட்டின் முகத்தையும் சொல்ல வேண்டும். ஈரத்தில் வழுக்குவது தார் இல்லை. வெள்ளைக் கோடு, முடக்கில் லொறி சிந்தின டீசல், தோட்டத்து ரோடு வந்து சேர்கிற வாயில் கொழுந்து லொறி இழுத்துவந்த செம்மண், இவை மூன்றும்தான். செம்மண் காய்ந்திருந்தால் சரளைக் கல்லைப் பாருங்கள், ஈரமாக இருந்தால் மண்ணையே பாருங்கள். ரயில் கடவையைச் செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும், தண்டவாளத்தின் பக்கத்துப் பள்ளத்தில் 23 டயர் அளவெடுத்தது போல உட்காரும். 2025 நவம்பர் டித்வா புயலில் மண் சரிந்த இடங்களில் தற்காலிகமாகக் கல்லைப் போட்டு நிரப்பியிருந்தால், முந்தின நாள் பார்த்த ரோடு அடுத்த நாள் இருக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

காலநிலையைப் பார்த்துப் பக்கத்தை மாற்றுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனை எல்லாம் நனைந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களில் மலைக்கு இந்தப் பக்கம், ஊவாவில், வெலிமடை, பண்டாரவளையில் வெயில் அடிக்கும். காற்றுதான் தொல்லை. திறந்த முடக்கில் பக்கவாட்டில் ஒரு அடி அடித்தால் சைக்கிள் அரை மீட்டர் நகரும், இதற்காகவும்தான் ஓரத்தில் ஒட்ட வேண்டாம் என்கிறேன். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நேர் எதிர், ஊவாவில் மழை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை. பகல் பன்னிரண்டுக்குள் வீட்டில் இருங்கள்.

பின் லைட் பகலிலும் எரியட்டும். பகலில் மின்னுவது நல்லது. மூட்டத்துக்குள் இரண்டு லைட் இருந்தால் ஒன்றை மின்னாமல் நிலையாக வையுங்கள், மின்னுகிற லைட்டை வைத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பின்னால் வருகிறவனால் மட்டுக்கட்ட முடியாது. கெப்பெட்டிபொல மரக்கறி லொறிகள் ஓடுகிற இரவு நேரத்தில் எந்த லைட் இருந்தாலும் நான் போக மாட்டேன்.

கந்தப்பளை_கரட்

நாய்களைப் பற்றி யாருமே பேசவில்லையே? எங்கள் பக்கம் வேனை விட அதுதான் பயம். நுவரெலியா டவுனுக்குள் குதிரை வேறு.

கம்பி_நிமிர்த்துபவன்

நாய் துரத்தினால் இறங்கி சைக்கிளை நடுவில் பிடித்துக்கொண்டு நட. ஓடுகிற சக்கரம்தான் அதற்குக் கோபம். இறக்கத்தில் துரத்தினால் மட்டும் நிற்காதே, முன் சக்கரத்துக்குள் பாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு போய்விடு. குதிரைக்குப் பின்னால் மணி அடிக்காதே, தூர விலகிப் போ.

லண்டனில்_மலையகத்தான்

எல்ல பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போன முறை ஊருக்கு வந்தபோது இராவணா எல்ல நீர்வீழ்ச்சிக்கு முன்னால் பார்த்தேன். முடக்கிலேயே இரண்டு பக்கமும் வாகனம், கதவு திறந்தபடி, போன் திரையைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து ரோட்டுக்கு வருகிற ஆட்கள். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவே டெவன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சி பார்க்கிற இடங்களும் இதே கதைதான். அங்கே சைக்கிள்காரர் ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கிற கார் என்றால் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பனிக்காலை

விழுந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. எங்கே என்று கேட்பார்கள், "முடக்குக்குப் பக்கத்தில்" என்றால் அவர்களுக்குப் புரியாது, மலையில் எல்லாமே முடக்குதான். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயரையும் சொல்லுங்கள். போகும்போதே கல்லைப் பார்த்துக்கொண்டு போகிற பழக்கம் இருந்தால் நல்லது. பள்ளத்தில் சிக்னல் இருக்காத இடம் நிறைய, அங்கே பக்கத்து லயத்து ஆட்கள்தான் முதலில் வருவார்கள். வீட்டு நம்பரை ஒரு துண்டில் எழுதி ஹெல்மட்டுக்குள் ஒட்டி வையுங்கள், போன் உடைந்தாலும் அது இருக்கும்.

கண்டிக்காரன்

சரி, முழுவதையும் வாசித்தேன். கண்டி டவுனுக்குள் நான் இன்னும் ஓரத்தில்தான் போவேன், அங்கே யாரும் 20க்கு மேல் போக முடியாது. இடது முடக்கு விஷயம் மட்டும் யோசிக்க வேண்டியதுதான், கடுகண்ணாவையில் மண் சுவர் மறைக்கிற இடம் எது என்று இப்போதே கண்ணில் வருகிறது. ஆனால் சொல்லிவிட்டேன், கொழும்பு வேனை நம்ப மாட்டேன்.

ஊவாக்காத்து

நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை அண்ணே. நானும் நம்புவதில்லை.

லிந்துலை_ரைடர்

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாளைக்கு ஏ7ஐ விட்டுவிட்டு லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனை, டயகம பக்கம் ஓடலாம் என்று முடிவு. ஊர் பஸ்ஸும் கொழுந்து லொறியும்தான், சுற்றுலா வேன் அந்தப் பக்கம் குறைவு. ஏற்றமும் இறக்கமும் உண்டு, பிரேக் பழகலாம். இடது முடக்கில் உள்ளே வருவதையும் தலையைத் திருப்புவதையும் அங்கே பழகிக்கொண்டு பிறகு பெரிய ரோட்டுக்கு வருகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி, கம்பி அண்ணனுக்கு. 23 டயரைக் கழற்றிவிட்டு 28 போடலாமா?

பழைய_கியர்பொக்ஸ்

அந்த ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர்கள் ஊர்ப் பையன்கள்தான். ஒருமுறை நிறுத்திப் பேசிவிட்டால் பிறகு உங்களைத் தெரிந்துகொள்வார்கள்.

கம்பி_நிமிர்த்துபவன்

பழைய ரிம் பிரேக் சைக்கிளில் 28 நுழைவது சந்தேகம். டயருக்கு மேலே பிரேக் வளைவுக்கும், பின்னால் சட்டத்தின் இரண்டு கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார். 28 போட்ட பிறகும் எல்லாப் பக்கமும் நாலு மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் செம்மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். மிஞ்சாது என்றால் 25 போடு. காற்றைக் கல்லு மாதிரி ஏற்றாமல், டயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற ஆகக் கூடின அளவுக்குக் கீழே வை. மழை நாளில் இன்னும் கொஞ்சம் குறை.